கிடைத்த இன்ஸ்ட்ருமென்டேஷன் இடத்தை விட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

தங்கள் மகளுக்குக் கலந்தாய்வில் எலெக்ட்ரானிக்ஸ் அண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவிகள், கட்டுப்பாட்டு அமைப்புகள் பற்றிய படிப்பு) பிரிவில் இடம் கிடைத்திருப்பதாகவும், அதை விட்டுவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் சேர்க்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தொழிற்சாலைகளையும் குடிநீர் நிலையங்களையும் இணையத் தாக்குதலிலிருந்து காக்கும் துறைக்குப் போவதுதான் அவருடைய விருப்பம் என்றால், கிடைத்த இடத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் ஆய்வுக்கென்றே ஒரு சிறிய நீர் சுத்திகரிப்பு நிலையத்தை 2015-இல் அமைத்தது. அது 7 நாட்கள் இயல்பாக ஓடியபோதும், அடுத்த 4 நாட்கள் வேண்டுமென்றே தாக்கப்பட்டபோதும் பதிவான அளவீடுகளைக் கொண்டுதான் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தாக்குதலைக் கண்டறியும் தங்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சோதிக்கிறார்கள். அத்தாக்குதல்களில் ஒன்றில், முதல் தொட்டியின் நீர்மட்டக் கருவி காட்டும் அளவை நொடிக்கு 1 மில்லிமீட்டர் வீதம் பொய்யாக உயர்த்தினார்கள். தொட்டி நிரம்பிவிட்டதாக நம்பும் பிஎல்சி (ஆலைக் கருவிகளை இயக்கும் சிறு கணினி), நீர் வரும் வால்வை மூடிவிடும். பம்போ இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டி வறண்டு பம்பு கெட்டுப்போகும். அளவீட்டைத் தனியாகப் பார்த்தால் அதில் குறை தெரியாது. உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், மட்டத்தின் மாற்றம் ஆகிய மூன்றின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டால்தான் பொய் வெளிப்படும். செயற்கை நுண்ணறிவு மாதிரி கற்றுக்கொள்வது இத்தகைய உறவுகளைத்தான். ஆனால் எச்சரிக்கை எழும்போது, அது தாக்குதலா, அல்லது வால்வு ஒட்டிக்கொண்டதா என்று சொல்லத் தொட்டியையும் வால்வையும் அறிந்தவர் வேண்டும். தினமும் பொய்யாக அலறும் மாதிரியைக் கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் நெடுநாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரல், ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளைச் சேதப்படுத்தியபடியே, முன்பு பதிந்துவைத்த இயல்பான அளவீடுகளைத் திரும்பக் காட்டும் திறன் கொண்டிருந்தது. திரையை மட்டும் பார்ப்பவரால் இதைப் பிடிக்க முடியாது.

பைத்தான் நிரல்மொழியும் இயந்திரக் கற்றலும் கல்லூரிக்கு வெளியேயும் கற்கக்கூடியவை. கட்டுப்பாட்டுப் பொறியியலை அப்படிக் கற்பது கடினம். முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதத்தையும் பைத்தானையும் உறுதியாக்கிக்கொள்ளட்டும். பிறகு ஓபன் பிஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஒரு தொட்டியைக் கட்டுப்படுத்தி, கருவிகள் தமக்குள் பேசும் முறையான மோட்பஸில் அது அனுப்பும் செய்திகளை, வலையமைப்புச் செய்திகளைப் படிக்க உதவும் வயர்ஷார்க் மென்பொருளில் படித்துப் பார்க்கட்டும். 1979-இல் உருவான மோட்பஸின் மூல வடிவத்தில், கட்டளை இடுபவர் யார் என்று சரிபார்க்கும் வழியே இல்லை என்பதை அப்போது தாமே கண்டுகொள்வார். மேற்படிப்புக்கு கேட் தேர்வில் இன்ஸ்ட்ருமென்டேஷனுக்குத் தனித்தாள் உண்டு. இணையவெளிப் பாதுகாப்புக்கென ஐஐடி கான்பூரில் சி3ஐ மையமும், உணரிகள், கட்டுப்பாட்டு அமைப்புகள் ஆகியவற்றுக்கென சென்னை ஐஐடியில் பிரவர்தக் அறக்கட்டளையும் இயங்குகின்றன.

முதல் வேலை பெரும்பாலும் ஆலையில்தான் அமையும். சம்பளம் மென்பொருள் நிறுவனங்களுக்கு நிகராக இல்லாமலும் போகலாம். அந்த ஓரிரு ஆண்டுகளை நான் இழப்பாகக் கருதவில்லை, ஏனெனில் பாதுகாப்புப் பணிக்கு ஆளெடுப்பவர்கள் விரும்பிக் கேட்பது அந்த அனுபவத்தைத்தான்.

ஒன்றை மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பயிற்சி எல்லாம் சொந்தக் கணினியிலும் ஆய்வகத்திலும் மட்டுமே நடக்க வேண்டும். அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த கணினி அமைப்பில் அனுமதியின்றி நுழைய முயன்றாலே, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-ஆவது பிரிவின்படி 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.