மருமகள் என்று கூப்பிட்ட பிள்ளை

தம்பிக்கு வணக்கம்.

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. கடலில் பாசி எடுக்கப் போகிறவள். எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகன் ஃபோனில் அடித்துத் தருகிறான்.

என் அண்ணன் மகள் மதுரையில் காலேஜ் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே என் மகனுக்குத்தான் என்று பேச்சு. மீன்பிடித் தடைக்காலம், அண்ணன் வீட்டிலேயே இருக்கிறார். லீவுக்கு வந்தவள், "நான் பொண்ணு இல்ல, திருநம்பி. நினைவு தெரிஞ்ச நாள்லேருந்தே நான் ஆணுதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் கையை ஓங்கிவிட்டார். "அது இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று வெளியே அனுப்பிவிட்டார். இரண்டு நாளாக என் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள். "தாயி" என்று கூப்பிட்டால் மட்டும் முகம் வாடிப் போகிறது.

சின்னதிலேயே சட்டை கேட்டு அழுவாள், நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுப் பழகியதால் இப்படி ஆகிவிட்டதா? திருநம்பி என்றால் பொம்பளைப் பிள்ளைகளை விரும்புகிறாள் என்று அர்த்தமா? எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் சென்னையில் இன்னொரு பையனோடு சேர்ந்து வாழ்கிறான் என்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? பக்கத்து வீட்டில் மந்திரிக்கச் சொல்கிறார்கள். அண்ணி டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்கிறாள். நான் எப்படித்தான் கூப்பிடுவது? பெயர், ஊர் போட வேண்டாம்.

பின்குறிப்பு: நான் மகன் எழுதுகிறேன். என்னை எப்போதும் மச்சான் என்றுதான் கூப்பிடும். இந்த இரண்டு நாளாக எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

---

அன்புள்ள அக்கா,

வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டு, அதற்கப்புறம் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் சந்தேகம் தீரும்வரை கதவு மூடியே இருக்கும். "தாயி" என்றதும் முகம் வாடியதைக் கவனித்தீர்களே, அதிலிருந்தே பேசலாம். தன்னை ஆண் என்று சொல்லிவிட்ட பிள்ளை என்பதால் நான் இனி "அவன்" என்றே எழுதுகிறேன்.

முதலில் சட்டை. உங்களுக்கு இதில் பயமே தேவையில்லை. பாசிக்குப் போகும்போது நீங்கள் என்ன உடுத்துகிறீர்கள்? சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணிச்சுற்று. முகத்தில் கண்ணாடி. உங்கள் ஊரில் எத்தனை பெண்கள் எத்தனை வருடமாக இப்படிக் கடலில் இறங்குகிறீர்கள். சட்டை போட்டு யாராவது ஆணாகிவிட்டார்களா? உடுப்பு வேறு, உள்ளே தன்னை யார் என்று அறிவது வேறு. அவன் சட்டை கேட்டு அழுதது உள்ளே இருந்ததன் அடையாளமாக இருந்திருக்கலாம். ஆனால் சட்டை அவனை ஆக்கவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த சட்டையும் அவனைக் கெடுக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தச் சென்னைப் பையன். தன்னை ஆண் என்று அறிவதா, பெண் என்று அறிவதா என்பது ஒரு விஷயம். இதைப் பாலின அடையாளம் என்கிறோம். மனசு யார்மேல் போகிறது என்பது இன்னொரு விஷயம். அதைப் பாலீர்ப்பு என்கிறோம். சென்னைப் பையனுக்குத் தான் ஆண் என்பதில் சந்தேகமே இருக்காது. ஆணாக இருந்துகொண்டு ஆணை விரும்புகிறான், தன்பாலீர்ப்பு. உங்கள் அண்ணன் பிள்ளை சொன்னது தன்னைப் பற்றி மட்டும்தான். யாரை விரும்புகிறான் என்று அவன் இன்னும் சொல்லவே இல்லை. பெண்ணை விரும்பலாம், ஆணை விரும்பலாம், இரண்டு பேரையும் விரும்பலாம், யார்மீதும் அந்த ஈர்ப்பு இல்லாமலும் இருக்கலாம். அதை அவனாகச் சொல்லும்போது தெரிந்துகொண்டால் போதும்.

இந்த இரண்டையும் நாம் ஏன் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். நம் முறைச்சொற்களும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் மகளை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? மருமகள். பிறந்த அன்றே, தொட்டிலில் கிடக்கும்போதே மருமகள். அந்த ஒரு சொல்லுக்குள் அவள் பெண் என்பதும் இருக்கிறது, என் மகனைக் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவள் என்பதும் இருக்கிறது. ஒரு குழந்தை வாய் திறப்பதற்கு முன்பே இரண்டு கேள்விக்கும் நாம் பதில் எழுதி வைத்துவிடுகிறோம். அவன் இப்போது முதல் கேள்விக்கான பதிலை மட்டும் திருத்தியிருக்கிறான். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இடிந்த மாதிரி இருக்கிறது. இருபது வருடம் மனசில் வைத்திருந்த ஒரு கல்யாணம் இல்லை என்று ஆகியிருக்கிறது. அந்த வருத்தம் நியாயமானது, அக்கா. அழ வேண்டும் என்றால் அழுங்கள். அவன் முன்னால் வேண்டாம்.

அண்ணன் சொன்ன "அது"வுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பவும் உறுத்தியது அந்த ஒரு சொல்தான்.

சில வருடம் முன்பு பாம்பனில் காலை ஏலத்தில் நின்றிருந்தேன். நாட்டுப்படகுகள் கரையேறி, மணலில் கூடை கூடையாகச் சூடை மீன். ஒரு திருநங்கை வந்து ஏலம் கேட்டார். தலையில் சும்மாடு, இடுப்பில் சொருகிய சுருக்குப்பை, தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவர். ஏலம் விடுகிறவர் அவரைப் பார்த்து "அக்காவுக்கு ஒண்ணு" என்று கூடையைத் தள்ளினார். எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞன் "அது எவ்வளவுக்கு எடுத்துச்சு?" என்று கேட்டான். ஏலக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதுன்னா மீனுடா. அவுக நானூறுக்கு எடுத்துருக்காக" என்றார். அந்த அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிவிட ஆள் தேடினார். அந்த இளைஞனேதான் போய்த் தூக்கிவிட்டான்.

அன்றைக்கு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "மீன் வாங்கியாச்சா? சாப்பாடு ஆச்சா?" என்று ஆச்சு ஆச்சு என்றே கேட்டேன். அக்கா என்ற சொல் வாயில் வரவில்லை. பாலும் மரியாதையும் தெரியாமல் வினையை முடித்து ஒளிந்துகொள்ளத் தமிழில் இடம் இருக்கிறது, நான் அதில் ஒளிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது புரிந்துவிட்டது என்று தெரிந்தது. நீங்களும் பழகும்வரை இப்படிப் பேசுவீர்கள், பரவாயில்லை. ஆனால் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். ரொம்ப நாள் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

"அது" என்பது இன்று நேற்று வந்ததல்ல. நன்னூலில் இதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. "பெண்மைவிட்டு ஆணவாவுவ பேடு ஆண்பால்" என்று தொடங்குகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவரை ஆண்பாலில் சொல், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவரைப் பெண்பாலில் சொல் என்கிறது. அஃறிணை போலவும் வரலாம் என்று மூன்றாவது அடியில் அதே சூத்திரம் சேர்த்துக்கொள்கிறது. அந்த மூன்றாம் அடியைத்தான் நம் தெருக்கள் பிடித்துக்கொண்டன. எனக்கு முதல் அடி போதும். அதிலுள்ள "அவாவுதல்" என்ற சொல்லைப் பாருங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று சூத்திரம் கேட்கவில்லை, அந்த மனிதர் எதை நாடுகிறார் என்று கேட்கிறது. அதற்கும் முந்திய தொல்காப்பியம் இவர்களை உயர்திணையில்தான் வைக்கிறது. பேடு என்ற பழைய சொல்லை மட்டும் இன்று யாரிடமும் சொல்லாதீர்கள். அது வசவாகிவிட்டது. ஊரில் சொல்லும் அந்த எண்ணும் அப்படித்தான்.

இன்றைக்கு நமக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. பிறக்கும்போது ஆண் என்று குறிக்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக அறிகிறவர் திருநங்கை. 2008-இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்த காலத்தில் இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. பெண் என்று குறிக்கப்பட்டு, தன்னை ஆணாக அறிகிறவர் திருநம்பி. பொதுவாகத் திருநர். உடம்பிலேயே ஆண், பெண் கூறுகள் கலந்து பிறப்பவர்கள் ஊடுபால். அது உடம்பின் அமைப்பைப் பற்றியது, திருநம்பி என்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2022-இல் அரசிதழிலேயே இப்படி ஒரு சொற்பட்டியல் வந்துவிட்டது. உங்களுக்கு இத்தனையும் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. அவன் எந்தச் சொல்லைச் சொன்னானோ அந்தச் சொல் போதும்.

டாக்டரிடம் காட்டி மாற்றுவது பற்றி. மாற்ற முடியாது. மாற்றப் பார்ப்பது பிள்ளையை உடைத்துவிடும். மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள், சேர்ந்து வாழ விரும்பியவர்கள், போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, இப்படி மாற்றுகிறோம் என்று செய்யும் வைத்தியங்களைத் தடுத்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அந்த நீதிபதி செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரியது. தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் தீர்ப்புக்கு வந்தார். உயர் நீதிமன்ற நீதிபதியே அப்படி உட்காரும்போது, நீங்கள் எனக்குக் கடிதம் போட்டதில் என்ன கூச்சம்?

சட்டம் பற்றி அண்ணன் கேட்டால் இரண்டைச் சொல்லுங்கள். ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று உறுதி செய்தது. ஒத்த பாலினத்தார் மனமொப்பிச் சேர்வது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. ஏப்ரல் 15 என்றால் நம் கடற்கரையில் தடைக்காலம் தொடங்கும் நாள், அண்ணனுக்கு அந்தத் தேதி மறக்காது.

மந்திரிப்பது வேண்டாம். சாமியிடம் வேண்டிக்கொள்வதை நான் தடுக்கவில்லை, அவனைக் கொண்டுபோய் உட்கார வைக்காதீர்கள். கடல்பக்கம் சிலர் களவா மீனைச் சொல்லி ஆறுதல் சொல்ல வருவார்கள். களவா பெண்ணாக வளர்ந்து பிறகு ஆணாகும், கொடுவா ஆணாக இருந்து பெண்ணாகும். உண்மைதான். ஆனாலும் அந்த உதாரணத்தை அவனிடம் சொல்லாதீர்கள். அவன் மாறவில்லை, முதலிலிருந்தே ஆண் என்றுதானே உங்கள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறான்.

சரி, எப்படிக் கூப்பிடுவது? நினைப்பதைவிட இது சின்ன வேலை. நேருக்கு நேர் பேசும்போது தமிழில் ஆண் பெண் வித்தியாசமே இல்லை. "நீ சாப்பிட்டியா", "எப்ப வந்த", "இந்தா வாங்கிக்க", எல்லாம் அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியது கூப்பிடும் சொல் ஒன்று. "தாயி"க்குப் பதில் அய்யா என்பீர்களோ, ராசா என்பீர்களோ, அவனிடமே கேளுங்கள். அவனுக்கென்று ஒரு பெயர் வைத்திருப்பான், அதையும் கேளுங்கள். நாக்கு பழசையே சொல்லும். தவறிச் சொன்னால் உடனே திருத்திச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். பெரிதாக மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்தால், அவன் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

கஷ்டமான இடம், அவன் இல்லாதபோது அவனைப் பற்றிப் பேசுவது. போனாளா போனானா என்று வினைமுற்று அங்கேதான் காட்டிக்கொடுக்கும். அண்ணி தெருவில் வந்து "அவ எங்க?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்கு முன்னால் அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமெல்லாம் சொல்லலாம், யாரிடம் இப்போது வேண்டாம் என்று. ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டால் அடிபடப்போவது அவன்தான். அவன் சரி என்கிறவர்களிடம் "அவன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் நம் ராமநாதபுரத்துப் பேச்சில் "அவுக" இருக்கிறது. வயசு வித்தியாசமில்லாமல், ஆண் பெண் பாராமல், மரியாதையாக "அவுக தூங்குறாக" என்று சொன்னால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

அண்ணனிடம் இப்போது வாதம் வேண்டாம். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான், பத்திரமாக இருக்கிறான் என்று மட்டும் தினம் ஒரு தடவை தகவல் போகட்டும். காலேஜ் திறக்கும்போது ஃபீஸ் கட்டுவாரா என்பதை மட்டும் முன்னாலேயே கேட்டு வையுங்கள். படிப்பு நிற்கக் கூடாது.

கடைசியாக, ஃபோனில் இதை அடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு. உங்கள் இரண்டு வரியைப் பல தடவை படித்தேன். அத்தை மகனை மச்சான் என்று பெண்ணும் கூப்பிடலாம், ஆணும் கூப்பிடலாம். சொல் அதேதான். உங்களைக் கூப்பிட அவனுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை, பழசைச் சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்களோ என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். நீங்கள் முதலில் கூப்பிடுங்கள். மாமன் மகனை நீங்கள் கூப்பிடும் முறைச்சொல் உங்களுக்கே தெரியும். சாயங்காலம் கரைக்குப் போகும்போது, வாசலில் நின்று சும்மா, "மாப்ள, வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள்.