திருத்திய பிறகும் பழைய 404: லாராவெல் கேஷ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லாராவெல் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) தளத்தில் ஒரு புதுப் பக்கத்துக்கு ரூட் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்ற விதி) எழுதினேன். லேப்டாப்பில் திறக்கிறது, சர்வரில் 404 ('பக்கம் இல்லை' என்ற பிழை) வருகிறது. ஃபைல் ஒழுங்காகத்தான் ஏறியிருக்கிறது.

பதில்: சர்வரில் 'பூட்ஸ்ட்ராப்/கேஷ்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள் தம்பி. 'ரூட்ஸ்' என்று தொடங்கும் கேஷ் ஃபைல் (முன்பே சேமித்துவைத்த நகல்) அங்கே இருந்தால் லாராவெல் அதைத்தான் படிக்கும்; நீங்கள் திருத்தியதை எட்டிக்கூடப் பார்க்காது. லாராவெலின் கமாண்ட் கருவியான ஆர்ட்டிசனில் 'ரூட்:கிளியர்' கொடுத்தால் சரியாகிவிடும். அப்புறம், டிப்ளாய் (புதிய கோடை சர்வரில் ஏற்றும்) ஸ்கிரிப்ட்டின் கடைசியில் 'ரூட்:கேஷ்' சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிக்கொள்ளும்.

கேள்வி: சார், அதையெல்லாம் செய்தாகிவிட்டது. எல்லா ரூட்களையும் காட்டும் 'ரூட்:லிஸ்ட்'டில் பக்கம் தெரிகிறது. ஆனாலும் பிரௌசரில் 404. பத்து நிமிடம் போனால் தானாகச் சரியாகிறது!

பதில்: தானாகச் சரியாகிறது என்றால் எங்கோ ஒரு கெடு முடிகிறது என்று அர்த்தம். லாராவெலுக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் கான்ஃபிகில் 'ஃபாஸ்ட்சிஜிஐ_கேஷ்_வேலிட்' வரியைப் பாருங்கள். 'எனி 10எம்' என்று இருந்தால் 404, 500 (சர்வர் பிழை) எல்லாமே பத்து நிமிடம் சேமிக்கப்படும். 'எனி'யை எடுத்துவிட்டு, 200க்கு (சரியான பதிலுக்கு) தனியாக நேரம் கொடுங்கள்.

இதோடு விட்டுவிடாதீர்கள். லாராவெல் இயல்பாகவே 'நோ-கேஷ், பிரைவேட்' என்ற ஹெடரை (பதிலோடு போகும் குறிப்பை) அனுப்பும். என்ஜின்எக்ஸ் அதை மதித்து எதையும் சேமிக்காது. அப்படியும் சேமிக்கிறது என்றால், ஹெடரைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் 'இக்னோர்_ஹெடர்ஸ்' வரியை யாரோ போட்டிருக்கிறார்கள். அது லாகின் செய்த ஒருவருடைய பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டும் அளவுக்கு ஆபத்தானது. முதலில் அதைத் தேடுங்கள்.

இன்னொன்று. கேஷ் நிலையைக் காட்ட 'ஆட்_ஹெடர்' போடும்போது வரியின் கடைசியில் 'ஆல்வேஸ்' சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 404, 500 பதில்களில் அந்த ஹெடரே வராது. பிழை வரும் இடத்தில்தானே அது நமக்கு வேண்டும்! 'ஹிட்' என்று வந்தால் பக்கம் கேஷிலிருந்து வருகிறது. 'மிஸ்' என்றால் லாராவெல் பக்கம் போய்த் தேடுங்கள்.

கேள்வி: தளத்துக்கு முன்னால் நின்று ஃபைல்களைச் சேமித்துத் தரும் கிளவுட்ஃபிளேர் சேவை வைத்திருக்கிறோம். சிஎஸ்எஸ் ஃபைல்களை என்ஜின்எக்ஸே நேரடியாகத் தருகிறது. டிப்ளாய் செய்ததும் சிலருக்கு மட்டும் டிசைன் உடைந்து வருகிறது. ஏன்?

பதில்: புதிய ஹெச்டிஎம்எல் முந்திக்கொண்டு, புதிய சிஎஸ்எஸ் பின்தங்கிவிட்டது. இடையில் வந்தவருக்குக் கிடைத்த 404ஐ கிளவுட்ஃபிளேர் பிடித்து வைத்துக்கொள்கிறது. சர்வர் கேஷ் ஹெடர் எதுவும் அனுப்பாவிட்டால் அதற்கு இயல்பான கெடு 3 நிமிடம். சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைல்களை முதலில் ஏற்றிவிட்டு, கடைசியில் பக்கங்களை மாற்றுங்கள். அவசரத்துக்கு அந்த ஒரு முகவரியை மட்டும் பர்ஜ் செய்தால் (கேஷிலிருந்து நீக்கினால்) போதும். மொத்தத்தையும் காலி செய்தால் எல்லாச் சுமையும் சர்வர் தலையில் விழும்.

கேள்வி: பேசாமல் பிழைப் பக்கங்களுக்குக் கேஷே வேண்டாம் என்று வைத்துவிடலாமா?

பதில்: 500க்கு வைத்துவிடுங்கள். 404க்குப் பத்து விநாடியாவது இருக்கட்டும். இல்லாத ஒரே முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஒவ்வொரு முறையும் லாராவெல் வரை வராது. லாகின் தேவைப்படாத பக்கங்களைக் கேஷ் செய்கிறீர்கள் என்றால் பழைய நகலைக் காட்டச் சொல்லும் 'யூஸ்_ஸ்டேல்' வரியில் 'ஹெச்டிடிபி_500' சேருங்கள். ஆப் 500 பிழை கொடுத்தாலும், கடைசியாகச் சேமித்த நல்ல பக்கத்தை என்ஜின்எக்ஸ் காட்டிக்கொண்டிருக்கும்.