ஒரே கட்சி, இரண்டு எம்.பி.க்கள்: வாக்குகளை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: லண்டனில் எங்கள் தொகுதி எம்.பி.யும் பக்கத்துத் தொகுதி எம்.பி.யும் தொழிற்கட்சிக்காரர்கள். இருவரும் ஒரே மாதிரிதான் வாக்களிக்கிறார்களா என்று நானே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். காமன்ஸ் சபை வாக்கெடுப்புகளின் பெயர்ப்பட்டியல் நாடாளுமன்றத்தின் ‘காமன்ஸ் வோட்ஸ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எக்செல் தாளில் வாக்கெடுப்புக்கு ஒரு வரி, எம்.பி.க்கு ஒரு பத்தி என வைத்து ‘ஆம்’, ‘இல்லை’, ‘பதிவில்லை’ என்று நிரப்புங்கள். இருவருமே வாக்களித்த வரிகளில் எத்தனை ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் சதவீதம் வந்துவிடும்.

ஆனால் அந்தச் சதவீதத்தால் பெரிதாகப் பயனில்லை. கொறடா உத்தரவு இருக்கும்வரை எந்த இருவரை எடுத்தாலும் அது நூறை ஒட்டியே நிற்கும். கட்சி முழுக்க ஒரே பக்கம் நின்ற வாக்கெடுப்புகளை நீக்கிவிட்டு, அக்கட்சியில் ஐந்து பேராவது மாறி வாக்களித்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது.

உதாரணமாக, 2025 ஜூலை 1 அன்று நலத்திட்ட உதவி மசோதா 335-260 என்று இரண்டாம் வாசிப்பை (மசோதாவைக் கொள்கையளவில் ஏற்பதா என்று முடிவுசெய்யும் கட்டத்தை) தாண்டியபோது 49 தொழிற்கட்சி எம்.பி.க்கள் எதிர்த்தார்கள். உங்கள் இருவரில் யாராவது அதில் உண்டா என்று முதலில் பாருங்கள்.

கொறடா உத்தரவே இல்லாத மனச்சாட்சி வாக்கெடுப்புகளைத் தனித்தாளில் வையுங்கள். 2024 நவம்பர் 29 அன்று, உயிர்துறக்க மருத்துவ உதவி கோரும் மசோதா 330-275 என்று இரண்டாம் வாசிப்பைத் தாண்டியது. பிரதமர் ஸ்டார்மர் ‘ஆம்’, அவருடைய சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் ‘இல்லை’. இதைக் கட்சியை மீறிய வாக்குகளின் கணக்கில் சேர்த்தால் முடிவு தாறுமாறாகிவிடும்.

தலைப்பை மட்டும் படித்து நிரப்புவதுதான் பெரும்பாலானோர் சறுக்கும் இடம். 2024 ஜூலை 23 அன்று, இரு குழந்தை உதவித்தொகை வரம்பை (பொதுவாக முதல் இரண்டு குழந்தைகளுக்கு மட்டுமே உதவி என்ற விதியை) நீக்கக் கோரி ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி கொண்டுவந்த திருத்தம் 363-103 என்று தோற்றது. ஆதரித்த ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்களைக் கட்சி ஆறு மாதம் இடைநிறுத்தியது. அன்று ‘இல்லை’ என்றவர்கள் எல்லோரும் வரம்பை விரும்பியவர்கள் அல்லர். எதிர்க்கட்சித் திருத்தம் என்பதாலேயே எதிர்த்தவர்கள் அவர்களில் பலர். 2025 நவம்பரில் அதே அரசின் நிதியமைச்சரே வரம்பை நீக்குவதாக அறிவித்தார்! அதனால் தீர்மானத்தின் முழு வாசகத்தையும், கொண்டுவந்தவர் யார் என்பதையும் தாளில் குறித்துவையுங்கள்.

‘பதிவில்லை’ என்றால் புறக்கணிப்பு என்று எழுதிவிடாதீர்கள். நோய், வெளிநாட்டுப் பயணம், எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருடன் பேசிவைத்து இருவரும் வராமல் இருப்பது, வேண்டுமென்றே ஒதுங்குவது எல்லாம் பட்டியலில் ஒன்றுபோலத்தான் தெரியும். வாக்குகளை எண்ணும் உறுப்பினர்கள், பக்கத்துக்கு இருவர், மொத்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். அவர்களை அந்தந்தப் பக்கத்தில் சேருங்கள். இரண்டு பட்டியலிலும் ஒருவர் பெயர் இருந்தால் அது பிழை என்று நினைக்காதீர்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு வாக்குக் கூடங்களுக்கும் போய் வருவது சிலர் நடுநிலையைப் பதிவுசெய்யும் வழி.

இருவரில் ஒருவர் அமைச்சரா என்பதையும் பாருங்கள். அமைச்சர் அரசை எதிர்த்து வாக்களிக்க வேண்டுமானால் பதவியை விட்டாக வேண்டும். நலத்திட்ட மசோதாவை ஏற்க முடியாமல் தொழிற்கட்சி எம்.பி. விக்கி ஃபாக்ஸ்கிராஃப்ட் தன் அரசுக் கொறடா பதவியைத் துறந்தது அப்படித்தான். அரசில் பதவி இல்லாத பின்வரிசை எம்.பி.யோடு அமைச்சரை ஒப்பிடுவதானால் அவர் பதவிக்கு வருமுன் அளித்த வாக்குகளை எடுங்கள்.

இதே முறையை இந்திய மக்களவைக்குப் போட்டுப் பார்க்க நினைத்தால் ஏமாற்றம்தான். அங்கே பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடுகின்றன; பெயர்வாரியான பதிவு இருக்காது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடாவை மீறினால் எம்.பி. பதவியே போகலாம். பிரிட்டனில் கட்சி கைவிட்டாலும் தொகுதி கையில் இருக்கும்.

விடுபட்ட வாக்குக்குக் காரணம் வேண்டுமானால் வாக்கெடுப்பின் தேதியையும் எண்ணையும் குறிப்பிட்டு எம்.பி.க்கே எழுதுங்கள். கடிதத்தில் உங்கள் வீட்டு முகவரி கட்டாயம் வேண்டும். தம் தொகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்வது பிரிட்டனில் வழக்கம். பக்கத்துத் தொகுதிக்காரருக்கு அங்கேயே குடியிருக்கும் நண்பரை எழுதச் சொல்லுங்கள்.