வெப்வியூ2-இல் விசைகள் நம் நிரலுக்கு ஏன் எட்டுவதில்லை?

கேள்வி இதுதான்: விண்டோஸ் செயலிக்குள் வெப்வியூ2 (வலைப்பக்கங்களைக் காட்டும் மைக்ரோசாஃப்ட்டின் உலாவிக் கூறு) பதித்திருக்கிறீர்கள். பக்கத்தைச் சொடுக்கியபின் எஃப்2 அழுத்தினால், சாளரத்தின் விசை நிகழ்வு எழவில்லை.

உங்கள் நிரலில் பிழை தேட வேண்டாம். வெப்வியூ2-இன் உலாவி தனிச் செயல்முறையாக ஓடுகிறது. குவியம் (ஃபோகஸ்) பக்கத்தில் இருக்கும்வரை விசைகள் நேராக அங்கேதான் செல்லும். சாளரச் செய்திகளை இடைமறிக்க நானும் இரண்டு நாள் போராடியிருக்கிறேன். தயவுசெய்து அந்த வழியில் இறங்காதீர்கள்.

வெப்வியூ2-இன் கன்ட்ரோலர் பொருளின் ‘ஆக்சிலரேட்டர்கீபிரஸ்ட்’ நிகழ்வைக் கையாளுங்கள். கன்ட்ரோல் அல்லது ஆல்ட் சேர்ந்த விசைகளும், எஃப்2 போல எழுத்தாக மாறாத விசைகளும் அதில் வரும். ‘ஹேண்டில்ட்’ மதிப்பை உண்மை என அமைத்தால் பக்கத்துக்கு அந்த விசை போகாது. இந்த நிகழ்வைக் கையாளும் உங்கள் நிரல் முடியும்வரை உலாவி காத்து நிற்கும். ஆகவே நீண்ட வேலையை அங்கே செய்யாமல் வரிசையில் போட்டுவிட்டு உடனே திரும்புங்கள்.

சாதாரண எழுத்து விசைகள் இந்த வழியில் வரமாட்டா. அவை தேவையென்றால் பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்டில் ‘கீடவுன்’ (விசை அழுத்தப்படும்) நிகழ்வைக் கவனித்து, ‘போஸ்ட்மெசேஜ்’ மூலம் செயலிக்கு அனுப்ப வேண்டும். அங்கே ‘இஸ்கம்போசிங்’ உண்மையாக இருந்தால் அந்த நிகழ்வை விட்டுவிடுங்கள். ஒலிப்பு முறையில் தமிழ் தட்டச்சு செய்பவருக்கு எழுத்து அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். நடுவில் குறுக்கிட்டால் ‘கொ’ எழுத வந்தவர் அரைகுறை எழுத்தோடு நிற்பார். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எஃப்5, கன்ட்ரோல்+பி போன்ற உலாவிக் குறுக்குவிசைகளை முடக்க மட்டும்தான் வேண்டுமென்றால், அமைப்புகளில் ‘ஆர்பிரவுசர்ஆக்சிலரேட்டர்கீஸ்எனேபிள்ட்’ என்பதைப் பொய் என மாற்றினால் போதும். நகலெடுத்தலும் ஒட்டுதலும் வழக்கம்போல் இயங்கும்.