வேட்பாளரின் வரி வாக்குறுதிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் தொகுதியில் போட்டியிடும் ஒருவர், தாம் வென்றால் மளிகைப் பொருள்கள் மீதான ஜி.எஸ்.டி.யை நீக்கி, பெட்ரோல் வரியையும் பாதியாக்கப் போவதாக மேடைதோறும் பேசி வருகிறார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவரால் இது முடியுமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் முடிவாகும் விஷயங்கள் என்பதால் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி.யின் விகிதங்களை, மத்திய நிதியமைச்சர் தலைமையில் எல்லா மாநில அமைச்சர்களும் இடம்பெறும் ஜி.எஸ்.டி. கவுன்சிலே பரிந்துரைக்கிறது. அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். 2025 செப்டம்பரில் விகிதங்கள் பெரும்பாலும் 5, 18 சதவீதம் என்ற இரு அடுக்குகளாகச் சுருங்கியதும் அந்தக் கவுன்சிலின் முடிவால்தான். ஆகவே, "நீக்குவேன்" என்பவர் தமக்குக் கிடைக்கவே போகாத அதிகாரத்தை வாக்காளருக்கு விற்கிறார். "தமிழக அரசு கவுன்சிலில் இன்ன நிலைப்பாட்டை எடுக்க வேண்டும் என்று அவையில் வலியுறுத்துவேன்" என்று சொன்னால் அது நேர்மையான பேச்சு.

பெட்ரோலும் டீசலும் அப்படியல்ல. அவை இன்னும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால், மாநில அரசு அவற்றின் மீது விற்பனை வரி விதிக்கிறது. அதைக் குறைக்கவும் முடியும். 2021 ஆகஸ்டு நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே கணக்குச் சொன்னது. வெறும் 3 ரூபாய்க்கே இவ்வளவு என்றால், பாதியாகக் குறைப்பவர் அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவார் என்பதுதான் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: பத்திரப்பதிவுக் கட்டணத்தைக் குறைப்போம் என்று ஒரு வேட்பாளர் சொல்கிறார். வீடு வாங்க எண்ணியிருக்கும் என் போன்றோர் இதை நம்பலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: இது முழுக்க மாநிலத்தின் கையில் உள்ள விஷயம், ஆனால் வாக்காளர் மிக எளிதாக ஏமாறக்கூடிய விஷயமும் இதுதான். அண்மை வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூனில், பதிவுச் செலவைக் கணக்கிட அரசு ஒவ்வொரு இடத்துக்கும் நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது; அதே வேளையில் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. முத்திரைத்தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்ந்த 7 சதவீதத்தோடு மொத்தச் சுமை 11 சதவீதமாயிற்று. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். மொத்தம் 9 சதவீதம்.

இதை ஒரு மனையின் மீது வைத்துப் பாருங்கள். 2017 ஜூனுக்கு முன் வழிகாட்டி மதிப்பு 10 லட்சமாக இருந்த மனைக்கு, அந்த மதிப்பிலேயே பத்திரம் எழுதினால், அன்று 8 சதவீதத்தில் செலவு 80,000 ரூபாய். மாற்றத்துக்குப் பின் மதிப்பு 6.7 லட்சமாகி, 11 சதவீதத்தில் 73,700 ரூபாய். 2023இல் மீண்டும் 10 லட்சமாகி, 9 சதவீதத்தில் 90,000 ரூபாய். கட்டணம் உயர்ந்தபோது செலவு குறைந்தது. கட்டணம் குறைந்தபோது செலவு கூடியது. விகிதத்தை மட்டும் சொல்லி வழிகாட்டி மதிப்பைப் பற்றி வாய் திறக்காத வேட்பாளர் உங்களுக்குப் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார். எழுத்து வடிவில் இரண்டையும் கேளுங்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்களின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. யாருக்கு, எந்த வரம்புக்குள், எவ்வளவு என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் வரையறுக்கப்பட்ட அறிவிப்பு அது. வாக்குறுதிகளும் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறேதுமில்லை.

கேள்வி: வரியையும் குறைப்போம், உதவித்தொகையையும் உயர்த்துவோம் என்று ஒரே அறிக்கையில் சொல்வதற்குச் சட்டத்தில் தடை இல்லையா?
– நாமக்கல் வாசகர்

பதில்: தடை இல்லை. தேர்தல் அறிக்கை வாக்குறுதிகள் தேர்தல் சட்டம் தடுக்கும் ஊழல் நடவடிக்கை ஆகா என்று 2013 ஜூலையில் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அதே தீர்ப்பின்படி தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறையோ, வாக்குறுதிக்கான நியாயத்தையும் அதற்கான பணம் வரும் வழியையும் அறிக்கை பொதுவாகவேனும் சுட்ட வேண்டும் என்கிறது. இந்த நெறிமுறையை நினைவூட்டும் உரிமை வாக்காளருக்கு உண்டு. மகளிர் உரிமைத்தொகை போன்ற திட்டங்களை வீண்செலவு என்று ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடிக்கு மேல் ஆகும் என்பதையும், அந்தப் பணம் எந்த வரியிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பதுதான் என் கருத்து.

கேள்வி: வேட்பாளர் தாமே வரி செலுத்துகிறாரா என்று அறிய வழி உண்டா?
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: உண்டு. வேட்புமனுவுடன் இணைக்கப்படும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கடந்த 5 ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு விவரமும், வருமான வரி, ஜி.எஸ்.டி., சொத்து வரி நிலுவைகளும் குறிப்பிடப்பட வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

கேள்வி: கட்சி சொல்கிறபடிதான் எல்லோரும் வாக்களிக்கிறார்கள். பிறகு தனி வேட்பாளரின் கருத்தைக் கேட்டு என்ன பயன்?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. அரசமைப்பில் 1985இல் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்க நேரிடும். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே நடக்கும் வேலைகள் ஏராளம். துறைகளுக்கான நிதி ஒதுக்கீட்டைப் பற்றிய மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை வாரியாகக் கேள்வி எழுப்பலாம். அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அரசின் கணக்குகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் இடம் கிடைத்தால், தணிக்கை அதிகாரி சுட்டிய வரி வசூல் குறைபாடுகளை ஒவ்வொன்றாக விசாரிக்கலாம். வரி விதிக்கும் மசோதாவை ஆளுநரின் பரிந்துரையின்றிக் கொண்டுவர முடியாது என்றாலும், ஒரு வரியைக் குறைக்கவோ நீக்கவோ கோரும் திருத்தத்துக்கு அந்தப் பரிந்துரை தேவையில்லை என்று அரசமைப்பின் 207ஆம் பிரிவு சாதாரண உறுப்பினருக்கும் இடம் தந்திருக்கிறது. உங்கள் தொகுதியில் மீண்டும் போட்டியிடுகிறவர் ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், அவைக்குறிப்புகளில் அவர் பெயர் எத்தனை இடங்களில் வருகிறது, எதைப் பற்றிப் பேசினார் என்று தேடிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு அவருடைய கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேளுங்கள்.