'இஃப்' வாக்கியத்தில் 'வுட் ஹேவ்' எங்கே வரும், எப்படிப் பழகுவது?

டென்ஸ் எல்லாம் தெரியும், 'இஃப்' வந்தால் மட்டும் உளறுகிறேன் என்கிறீர்கள். தமிழிலிருந்தே பிடியுங்கள். 'தெரிந்திருந்தால் வந்திருப்பேன்' என்றால் தெரியவும் இல்லை, வரவும் இல்லை. 'தெரிந்திருந்தால்' என்பது 'இஃப் ஐ ஹேட் நோன்'. 'வந்திருப்பேன்' என்பது 'ஐ வுட் ஹேவ் கம்'. இரண்டு பக்கமும் 'வுட் ஹேவ்' போடுவதுதான் வழக்கமான சறுக்கல் (ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே பேச்சில் சறுக்குவதுண்டு).

விளைவு இந்த நிமிடத்தைப் பற்றியது என்றால் 'ஹேவ்' போய்விடும்: 'அப்போதே கிளம்பியிருந்தால் இப்போது வீட்டில் இருப்பேன்' என்பதில் பின்பாதி 'ஐ வுட் பி அட் ஹோம் நவ்'.

'இஃப்' இல்லாமல் 'ஹேட் ஐ நோன்' என்று தொடங்குவது எழுத்துநடை, அது பிறகு.

விதிப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். இரவில் அன்றைய 'அப்படிச் செய்திருந்தால்' மூன்றை எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள்.