வெளிச்சம் வராத வீட்டிலும் அலுவலகத்திலும் செயற்கைச் செடி வைக்கலாமா?

வடக்குப் பார்த்த ஃப்ளாட், ஹாலில் பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வாங்கி வைத்த மூன்று செடிகளும் பட்டுப்போய்விட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். ஹாலுக்கும், கிழக்கே இருக்கிற சின்ன பால்கனிக்கும், அலுவலக வரவேற்பறைக்கும் செயற்கைச் செடி வைக்கலாமா என்பது கேள்வி.

ஹாலுக்குத் தாராளமாக வையுங்கள். வரவேற்பறைக்கும் வைக்கலாம். பால்கனிக்கு மட்டும் வேண்டாம்.

சென்னையில் ஒன்பது வருடமாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் செடி வைத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். உயிர்ச்செடியும் வைக்கிறேன், செயற்கைச் செடியும் வைக்கிறேன். ஓர் இடத்துக்குப் போனதும் நான் முதலில் பார்ப்பது அங்கே வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்பதைத்தான். வெயில் விழுகிற இடம் உயிர்ச்செடிக்கு. வெயிலே எட்டாத இடத்துக்குத்தான் செயற்கைச் செடி.

செயற்கைப் புல் பிரபலமான கதையே இதைத்தான் சொல்கிறது. 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்று மொத்தமும் கூரை போட்ட விளையாட்டரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். வெளிச்சம் இறங்குகிற மாதிரி கூரையில் பலகைகள், தரையில் நிஜப் புல். ஆனால் அந்தப் பலகைகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்ததில், மேலே போன பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. கூச்சத்தைக் குறைக்கப் பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெயில் நின்றதும் புல் செத்துப்போனது. 1966இல் அதே இடத்தில் நைலான் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கத்தை வைத்து வந்ததுதான். வெயில் இல்லாத குறைக்காக விரித்த பொருளை நாம் மே மாதத்து மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் போடுகிறோம்.

தாம்பரம் பக்கம் ஒரு பெரியவர் வீட்டில் நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். பேத்தி விளையாட மாடி முழுக்கப் பச்சையாக வேண்டும் என்று கேட்டார். பங்குனியில் விரித்தோம், பார்க்க அவ்வளவு அழகு. சித்திரையில் ஒருநாள் போன் பண்ணி, "ஏம்மா, வந்து ஒரு தடவை காலை வச்சுப் பாரும்மா" என்றார். காலை பதினோரு மணி இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு அடி வைத்தேன், மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. பக்கத்தில் வெறும் தட்டோடு போட்ட தரையில் நிற்க முடிந்தது, புல்லில் முடியவில்லை. நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வழி கிடையாது, வாங்கின சூட்டை அப்படியே வைத்துக்கொள்ளும். குழந்தையின் கால் எவ்வளவு மெல்லியது என்று நினைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அதைச் சுருட்டி எடுத்து, படிக்கட்டுக்குக் கீழே நிழலாக இருந்த இடத்தில் விரித்துக் கொடுத்தேன். மாடிக்குப் பத்துத் தொட்டி செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்தோம். அதன் பிறகு வெயில் படுகிற மாடியில் செயற்கைப் புல் யார் கேட்டாலும் போடுவதில்லை.

இலைகளுக்கும் இதே கதிதான். பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும்: பாலிஎத்திலீனில் அச்சு வார்த்தது, பாலியெஸ்டர் துணியில் வெட்டி உள்ளே கம்பி வைத்தது. நேர்வெயில் பட்டால் துணி வெளுக்கும், பிளாஸ்டிக் நொறுங்கும். உதிர்கிற அந்தத் துணுக்குகள் மழைநீரோடு சாக்கடைக்குப் போகும், மட்காது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் என்று சொல்லி விற்பது கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

பால்கனி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. செயற்கைச் செடியை வைக்கிற அழகுத் தொட்டிகள் பலவற்றில் அடியில் ஓட்டை இருக்காது. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு வாடிக்கையாளர் வீட்டு பால்கனியில் அப்படி ஒரு தொட்டியைத் தூக்கினேன். மேலே பரப்பியிருந்த கூழாங்கல்லுக்கு அடியில் ஒரு சாண் தண்ணீர், அதில் நெளிந்து நெளிந்து மேலே வருகிற கொசுப் புழுக்கள். தண்ணீர் ஊற்றுகிற செடியாக இருந்தால் தினமும் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இதை மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஏற்கெனவே பால்கனியில் அப்படித் தொட்டி ஏதாவது வைத்திருந்தால் இன்றைக்கே கவிழ்த்துப் பாருங்கள்.

இனி உங்கள் ஹால். செயற்கைச் செடி காற்றைச் சுத்தம் செய்யாதே என்று யாராவது சொன்னால் அதற்காக வருத்தப்படாதீர்கள். உயிர்ச்செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு 1989இல் நாசா செய்த ஆய்வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது காற்றுப் போகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் இயல்பாக வந்துபோகிற காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று வந்தது. ஜன்னலைத் திறந்து வைப்பது மேல்.

வாங்கும்போது இலையைப் பாருங்கள். நிஜ இலையின் அடிப்பக்கம் வெளிறியிருக்கும், கொழுந்து இளம்பச்சையாகவும் முற்றின இலை கரும்பச்சையாகவும் இருக்கும். மலிவான சரக்கில் எல்லா இலையும் ஒரே பச்சையில் பளபளக்கும், ஓரத்தில் அச்சின் பிசிர் விரலில் தட்டுப்படும். சென்னையில் என்றால் பாரிமுனைச் சந்துகளில் ஒரு நடை போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். படத்தைப் பார்த்து வாங்கினால் பாதி ஏமாற்றம். இருட்டு மூலையில் ரோஜாப் பூத்திருந்தால் பார்க்கிறவர் மனசு ஒப்பாது. நிழலில் வளரும் என்று நம்பக்கூடிய பெரணி, மணி பிளான்ட், அரேக்கா என்கிற சின்னப் பனை மாதிரி ஜாதியாக எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. பெட்டியில் அமுங்கி வந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வளைக்க வேண்டும். ஒரு நாலடி அரேக்காவுக்கு நான் அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன். மட்டைகளில் இரண்டைக் கொஞ்சம் தழைய விட்டு, ஒன்றை ஜன்னல் பக்கம் சாய்த்து வைப்பேன். நிஜச் செடி வெளிச்சத்தைத் தேடி அப்படித்தான் சாயும். அதோடு வருகிற சின்னக் கறுப்புத் தொட்டியை அப்படியே ஒரு மண்தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் கல் போட்டு, மேலே தென்னை நார் பரப்பிவிடுங்கள்.

அலுவலக வரவேற்பறையில் தூசிதான் எதிரி. அண்ணா சாலையில் ஒரு அலுவலகத்தில் வாங்கி வைத்ததோடு சரி, இரண்டு வருடம் யாரும் தொடவில்லை. விரலால் ஒரு இலையைத் தேய்த்தேன், சாம்பல் நிறத்துக்கு நடுவே ஒரு பச்சைக் கோடு விழுந்தது. பட்டுப்போன செடியைவிட அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டு, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்க யாரையாவது பொறுப்பாக வையுங்கள். பிளாஸ்டிக் இலையை சோப்புத் தண்ணீரில் முக்கி நிழலில் உலர்த்தலாம். துணி இலையை ஊற வைக்காதீர்கள், சாயம் போகும். சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம், தாளிப்புப் புகை படிந்த பிசுக்கு என்ன செய்தாலும் போகாது.

விளக்கேற்றுகிற பூஜை அலமாரியிலும் பிளாஸ்டிக் பூச்சரம், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் இரண்டையும் கட்டாதீர்கள், ஒரு சுடர் பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். வாசலுக்கு மாவிலையே கட்டுங்கள், காய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். கையால் செய்த பூ ஆசையாக இருந்தால் தஞ்சாவூர் நெட்டி வேலையைப் பாருங்கள். நீரில் வளருகிற நெட்டித் தண்டின் வெள்ளைச் சோற்றைச் சீவிச் செய்வது, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டுகிற நெட்டி மாலையும் அதே தண்டில்தான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஹாலில் ஒரு விளக்கு விழுகிற மாதிரி வைத்தால், வெளிச்சமில்லாத ஹாலுக்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பால்கனிக்குக் காலை வெயில் வருகிறது அல்லவா? கற்பூரவல்லியில் ஒரு கிளை ஒடித்து ஓட்டையுள்ள தொட்டியில் ஊன்றுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, வேலைக்குக் கிளம்பும்முன் ஒரு சொம்பு தண்ணீர் போதும். வேர் பிடித்ததும் பக்கத்தில் ஒரு துளசி வையுங்கள்.